பேய் என்று கையெழுத்திட்டவள்

சிவன் கோயில் சுற்றில் அறுபத்துமூவர் வரிசையாக நிற்பார்கள். எல்லாரும் கைகூப்பியபடி, ஏறக்குறைய ஒரே முகத்தோடு இருப்பார்கள். அந்த வரிசையில் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருப்பார். சின்ன வயதில் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு சுற்றி வரும்போது, "இவங்க மட்டும் ஏன் அத்தே உக்காந்திருக்காங்க?" என்று கேட்டேன்.

"நடந்து நடந்து கால் வலிச்சிருக்கும்" என்றார் அத்தை.

காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து கயிலைக்குப் போன கதை அத்தைக்குத் தெரிந்திருக்கும். அதை வைத்துத்தான் சொன்னாரா, வாயில் வந்ததைச் சொன்னாரா தெரியாது. அத்தை பாதி விளையாட்டாகத்தான் பேசுவார். அவர் விளையாட்டாகப் பேசுகிறார் என்பதையே எங்கள் வீட்டில் யாரும் கவனித்ததில்லை. ஏனென்றால் எங்கள் வீட்டைப் பொறுத்தவரை அத்தை ஒரு சோகக்கதை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஒரு சாமி.

அத்தைக்குப் பத்தொன்பது வயதில் கல்யாணம் ஆனது. மாமா பம்பாய்க்குப் போனார். ஐந்து வருடத்தில் அங்கே இன்னொரு குடும்பம் இருப்பது தெரிய வந்தது. பேசித் தீர்க்கப் போனவர்களிடம் அந்த வீட்டார் சொன்ன பதில்: "உங்க பொண்ணுக்குச் சாமி வருது. சாமிகூடக் குடும்பம் நடத்த முடியுமா?" அத்தைக்கு ஊர்க் கொடையில் ஒரே ஒருமுறை அருள் வந்திருக்கிறது. அந்த ஒருமுறை அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. எங்கள் வீட்டாரும் முதலில் கோபப்பட்டார்கள், பிறகு அந்தச் சொல்லைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். கைவிடப்பட்ட மகள் என்று சொல்வதைவிடச் சாமி வந்த மகள் என்று சொல்வது தெருவில் தலைநிமிர்ந்து நடக்க வசதியாக இருந்திருக்க வேண்டும்.

அத்தை கடையநல்லூர் வீட்டின் பின்பக்கச் சாய்ப்பில் தங்கிக்கொண்டார். பீடி சுற்றினார். திருச்செந்தூரில் மொட்டை போட்டுவிட்டு வந்தவர் அதற்குப் பிறகு முடி வளர்க்கவே இல்லை. ஆண்பிள்ளைபோல ஒட்ட வெட்டிக்கொண்டார். நகை போடவில்லை. இரவில் சாப்பிட மாட்டார். இவை எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டில் ஒரே விளக்கம்தான் இருந்தது: மனசு விட்டுப்போச்சு, பாவம்.

தொண்ணூறுகளில் நான் எம்.ஏ. தமிழ் படித்தேன். காரைக்கால் அம்மையாரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். ஆணாதிக்கம் ஒரு பெண்ணை அவள் அழகையே வெறுத்து உதற வைத்தது, கணவன் கைவிட்ட உடலுக்கு இந்தச் சமூகத்தில் பேயாவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை என்பது அதன் வாதம். பேராசிரியர் பாராட்டினார். விடுமுறையில் அதை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். அத்தையை மனதில் வைத்து எழுதியதுதான் அது என்று அவருக்கும் புரிந்திருக்கும். இலையை நறுக்கிக்கொண்டே கடைசி வரை கேட்டார்.

"இதெல்லாம் அவ சொன்னாளாட்டி?" என்றார்.

நான் சேக்கிழார் என்றேன். பெரியபுராணம் என்றேன். "அவரு சொன்னது சரி. அவ என்ன சொன்னா?" என்று மறுபடியும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அவள் பாட்டை நான் பரீட்சைக்குப் படித்திருந்தேன். அவளிடம் கேள்வி கேட்டு அதற்குப் பதில் தேடும் விதமாகப் படித்ததில்லை.

அன்றைக்குத் தொடங்கிய வாசிப்புதான் இந்தக் கட்டுரை.

கதையை எல்லாரும் அறிவோம். காரைக்காலில் வணிகர் மகள் புனிதவதி. கணவன் பரமதத்தன் கொடுத்தனுப்பிய இரண்டு மாங்கனிகளில் ஒன்றைப் பசித்து வந்த சிவனடியாருக்கு இட்டாள். கணவன் இரண்டாவதையும் கேட்டபோது வேண்டி நின்றாள், கையில் ஒரு கனி வந்தது. அதன் சுவை அவனுக்குச் சந்தேகத்தைத் தந்தது. உண்மையைச் சொன்னாள். இன்னொன்று வரவழைத்துக் காட்டு என்றான். வந்தது, அவன் வாங்கியதும் மறைந்தது. அவன் பயந்தான். கப்பலேறிப் போனவன் திரும்பி வந்து இறங்கியது எங்கள் பாண்டிநாட்டில். இங்கே இன்னொரு பெண்ணைக் கட்டி, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயர் வைத்தான். உறவினர்கள் அவளைப் பல்லக்கில் கூட்டி வந்தபோது, இரண்டாம் மனைவியோடும் குழந்தையோடும் அவள் காலில் விழுந்தான். இவள் மானுடப் பெண் அல்ல, நீங்களும் கும்பிடுங்கள் என்றான். அப்போதுதான் அவள் கணவனுக்காகச் சுமந்த இந்தத் தசைப்பொதியைக் கழற்றிப் பேய்வடிவம் தரும்படி இறைவனிடம் கேட்கிறாள்.

அவன் காலில் விழும் அந்த இடத்தை நான் எத்தனை முறை படித்தாலும் கோபம் வருகிறது. கைவிடுவதற்கு இதைவிட மரியாதையான வழி இருக்க முடியாது. திட்டினால் அவள் திருப்பித் திட்டலாம். கும்பிட்டுவிட்டால் என்ன செய்வாள்?

ஆனால் அத்தையின் கேள்வி இதற்கு முந்தியது. அவள் என்ன சொன்னாள்?

அம்மையாரின் காலம் ஏறக்குறைய 6ஆம் நூற்றாண்டு என்பார்கள். அற்புதத் திருவந்தாதி, திரு இரட்டை மணிமாலை, திருவாலங்காட்டைப் பற்றிய இரண்டு மூத்த திருப்பதிகங்கள் ஆகியவை அவர் எழுதியவை. இவற்றில் பரமதத்தன் இல்லை. மாங்கனி இல்லை. கல்யாணமே இல்லை. அந்தாதியின் முதல் பாட்டிலேயே தன் அன்பு எப்போது தொடங்கியது என்று அவர் சொல்லிவிடுகிறார்: பிறந்து பேச்சுப் பழகிய நாளிலிருந்து. அதாவது எந்த ஆணும் அவரை விட்டுப் போவதற்கு வெகுகாலம் முன்பிருந்து. அடுத்த பாட்டில், என் துன்பத்தை அவர் களையாவிட்டாலும், எனக்கு இரங்காவிட்டாலும் என் அன்பு மாறாது என்கிறார். துன்பம் இருக்கிறது, ஆனால் அது எதனால் என்று சொல்லவில்லை. பதிகத்தில் சுடுகாட்டுப் பெண்பேயை வர்ணிக்கிறார்: வற்றிய மார்பு, புடைத்த நரம்பு, குழிந்த வயிறு, நீண்ட பல். அதில் அழுகை இல்லை, அருவருப்பும் இல்லை. தன் பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்வதுபோல நிதானமாகச் சொல்கிறார். முடிவில் கையெழுத்துப் போடுகிறார்: காரைக்கால் பேய்.

8ஆம் நூற்றாண்டில் சுந்தரர் அடியார்களின் பட்டியலைப் பாடும்போது அவரைப் பேயார் என்று மட்டும் சொல்கிறார். நம்பியாண்டார் நம்பியில் தலையால் நடந்தது வருகிறது, உமையின் சிரிப்பு வருகிறது, சிவன் அம்மை என்று அழைப்பது வருகிறது. கணவன் இன்னும் வரவில்லை. இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில், 12ஆம் நூற்றாண்டில், சேக்கிழார் எழுதும்போதுதான் நமக்குக் கிடைத்திருக்கும் நூல்களில் பரமதத்தன் நுழைகிறான். அவள் பாடி அறுநூறு ஆண்டு கழித்து வந்தவன் அவன். அதற்குப் பிறகு அவனில்லாமல் அவளை நினைக்க முடியாமல் போய்விட்டது.

சேக்கிழார் இதைக் கற்பனை செய்தார் என்று நான் சொல்லவில்லை. வாய்வழியாக அவருக்கு முன்பே இருந்திருக்கலாம். நான் கேட்பது வேறு: அந்தக் கதை எதற்குத் தேவைப்பட்டது? ஒரு பெண் தன்னைப் பேய் என்கிறாள். அழகாக இல்லை, அழகாக இருக்க விரும்பவும் இல்லை. சுடுகாட்டில் இருப்பது பிடித்திருக்கிறது என்கிறாள். இது எப்படி நடந்தது என்று கேட்பவர்களுக்கு ஒரு காரணம் வேண்டும். கல்யாணத்தில் ஏதோ நடந்திருக்கிறது என்றால் அது உடனே புரிந்துவிடுகிறது.

இதே போன்ற ஒன்றை நான் எதிர்பாராத இடத்தில் பார்த்தேன். உடன் வேலை செய்த ஆசிரியை ஒருவர் வீட்டில் லூசியம்மாள் படம் இருக்கும். அழகான முகம், கையில் ஒரு தட்டு, தட்டில் இரண்டு கண்கள். பிள்ளைகளுக்குக் கண்வலி வந்தால் வேண்டிக்கொள்வார்கள். அந்தப் படத்தைப் பற்றித் தேடப் போய், இடைக்கால இத்தாலியின் சுவடி ஓவியங்களுக்கு வந்து சேர்ந்தேன். 13ஆம் நூற்றாண்டில் யாக்கோபுஸ் தெ வொராஜினே என்ற துறவி புனிதர்களின் கதைகளைத் தொகுத்தார். 'லெஜண்டா ஔரியா', பொற்கதைகள் என்று சொல்லலாம். நம் பெரியபுராணம்போல அது ஐரோப்பா முழுக்கப் பரவியது. தோல் ஏடுகளில் பிரதி எடுத்து, முதலெழுத்துகளுக்கு உள்ளேயும் ஓரங்களிலும் தங்கமும் நீலமுமாகப் படம் எழுதினார்கள். அந்தத் தொகுப்பில் லூசியாவின் கண்கள் பிடுங்கப்படுவதே இல்லை. அவளை விடுதிக்கு இழுத்துப் போக மாடுகளைப் பூட்டியும் அசைக்க முடியவில்லை என்றுதான் இருக்கிறது. கண்கள் பிறகு சேர்ந்தவை. ஒளி என்ற பொருளுள்ள அவள் பெயரிலிருந்து முளைத்திருக்கலாம் என்கிறார்கள். ஆகத்தம்மாள் கதை இன்னும் விசித்திரம். அவள் மார்பை அறுத்தார்கள். அன்றிரவே பேதுரு சிறைக்கு வந்து குணமாக்கினார் என்று கதை சொல்கிறது. ஆனாலும் நூற்றாண்டுகளாக அவள் கையில் ஒரு தட்டும் அதில் இரண்டு மார்பும்தான். ஓவியனுக்கு ஒரு சட்டகம்தான் இருக்கிறது, அதில் ஒரு கணத்தைத்தான் வைக்க முடியும். எந்தக் கணம் என்பதில் அவன் தீர்ப்பு இருக்கிறது. குணமான பெண்ணை யாருக்கும் அடையாளம் தெரியாது.

எல்லாவற்றையும்விட என்னைத் தூக்கிவாரிப் போட்டது வில்ஜிஃபோர்ட்டிஸ். போர்த்துக்கல் அரசனின் மகள் என்பார்கள். கல்யாணம் வேண்டாம் என்றாள். தகப்பன் கேட்கவில்லை. என்னை அழகற்றவளாக்கு என்று வேண்டினாள், விடிந்தபோது தாடி முளைத்திருந்தது. மாப்பிள்ளை ஓடினான். தகப்பன் அவளைச் சிலுவையில் அறைந்தான். இந்தக் கதையின் பிறப்பைப் பற்றிப் பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்வது இது: இத்தாலியின் லூக்கா நகரத் தேவாலயத்தில் ஒரு பழைய மரச்சிலுவை இருக்கிறது. அதில் இயேசு கணுக்கால்வரை அங்கி உடுத்தியிருக்கிறார். அதன் நகல்கள் வடக்கே போயின. இடுப்புத்துணியோடு மட்டுமே இயேசுவைப் பார்த்துப் பழகிய மக்கள் அந்த அங்கியைப் பெண்ணின் உடை என்று நினைத்தார்கள். சிலுவையில் ஒரு பெண், அவளுக்குத் தாடி. இது எப்படி? கல்யாணத்தில் ஏதோ நடந்திருக்கிறது!

இங்கிலாந்தில் மனைவிமார் இந்தப் புனிதைக்கு ஓட்ஸ் தானியம் நேர்ந்துகொண்டு, புருஷனிடமிருந்து விடுதலை கேட்டார்கள் என்று 16ஆம் நூற்றாண்டில் தாமஸ் மோர் கேலியாக எழுதியிருக்கிறார். இதை அத்தையிடம் சொன்னபோது பீடித்தட்டு மடியிலிருந்து சரியும் அளவுக்குச் சிரித்தார். "நம்ம ஊர்ல அந்தக் கோயில் இருந்தா கூட்டம் தாங்காது" என்றார்.

நம் கல்தச்சர்கள் இந்த விஷயத்தில் கொஞ்சம் நேர்மையானவர்கள் என்று நினைக்கிறேன். சேக்கிழாருக்கு நூறு ஆண்டு முந்திய கங்கைகொண்ட சோழபுரத்தில், ஆடும் சிவனின் காலடியில் அம்மையார் இருக்கிறார். எலும்பும் தோலுமான உடல், கையில் தாளம். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள 13ஆம் நூற்றாண்டுச் செப்புத்திருமேனியிலும் தாளம்தான். கனி இல்லை, கணவன் இல்லை. பாட்டை ஓவியமாகவோ சிலையாகவோ காட்ட முடியாது. ஆனால் தாளத்தைக் கையில் கொடுத்து, இவள் வேலை இது என்று காட்டலாம். அந்தத் திருமேனியின் படத்தைப் பார்த்தால் முகம் சிரிப்பதுபோலவே தெரிகிறது. காலண்டர்களில்தான் அவள் மறுபடியும் அழகான மனைவியாகிக் கையில் மாம்பழத்தோடு நிற்கிறாள். காரைக்காலில் ஆனி மாதம் மாங்கனித் திருவிழா அவளுடைய திருக்கல்யாணத்தோடு நடக்கிறது. வீதியுலாவில் வாரி இறைக்கும் மாம்பழத்தைப் பிடித்துக் குழந்தை வரம் வேண்டித் தின்கிறார்கள். அந்தப் பெண்களின் வேண்டுதலைக் குறைத்துப் பேச எனக்கு உரிமை இல்லை. கல்யாணத்தைக் கழற்றிப் போட்டவளிடம் போய் அதைக் கேட்கிறோமே என்ற நினைப்பு மட்டும் போகமாட்டேன் என்கிறது.

இங்கே என் பக்கத்துக் குற்றத்தையும் சொல்ல வேண்டும். என் எம்.ஏ. கட்டுரை சேக்கிழாரைக் கண்டித்தது, ஆனால் சேக்கிழார் செய்ததையேதான் செய்தது. அவர் அவளைத் தெய்வம் என்றார், நான் பலியானவள் என்றேன். இரண்டு பேருமே அவள் போட்ட கையெழுத்தை வாசிக்கவில்லை. சேக்கிழாராவது அவளுக்கு ஒரு மரியாதை வைத்தார்: அவர் கதையில் உருமாற்றத்தைக் கேட்பவள் அவள்தான், யாரும் அவள்மேல் அதைச் சுமத்துவதில்லை. நான் அந்தக் கேட்கும் உரிமையையும் பிடுங்கிக்கொண்டேன். வேறு வழியில்லாமல் கேட்டாள் என்று எழுதினேன்.

சரி, அப்படியென்றால் ஒரு பெண் தன்னைப் பற்றிச் சொல்வதை அப்படியே நம்ப வேண்டுமா? எங்கள் மாணவிகள் இந்த இடத்தில் எப்போதும் மறிப்பார்கள், மறிப்பது நியாயம். அடிவாங்கியவளே "எனக்கு ஒண்ணுமில்ல" என்று சொல்கிற நாடு இது. கிடைத்ததைக் கொண்டு திருப்திப்படப் பழக்கப்பட்டவர்களின் திருப்தியை எப்படிச் சான்றாக எடுப்பது?

அத்தையிடம் நேராகவே கேட்டிருக்கிறேன். ஏன் முடி வளர்க்கல? "எண்ணெ தேச்சுச் சீவிப் பின்னுற நேரத்துல நாப்பது பீடி சுத்திரலாம்." ஏன் ராத்திரி சாப்பிடுறதில்ல? "எனக்குச் சமைக்கப் பிடிக்காது. உங்கம்மகிட்டப் போய் ரெண்டு வேள நிக்கிறதுக்கு ஒரு வேள போதும்." மாமா போனது வருத்தமில்லையா? கொஞ்ச நேரம் பேசவில்லை. "இருந்துச்சு. ஒரு ரெண்டு வருசம். அதுக்கப்புறம் இது என் இஷ்டத்துக்கு இருந்தது. நீங்க யாரும் நம்பல."

நான் நம்பினேன். நம்பியது எனக்கு எவ்வளவு வசதி என்று பிறகுதான் தெரிந்தது.

அப்பா 2011இல் இறந்த பிறகு அவர் டிரங்குப் பெட்டியில் ஒரு பத்திரம் கிடைத்தது. தாத்தா சம்பாதித்து வாங்கிய நஞ்சை, குளத்துப் பாசனம், அவர் காலத்துக்குப் பிறகு மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக வந்திருக்க வேண்டியது. 1956ஆம் ஆண்டுச் சட்டமே மகளுக்கு அந்தப் பங்கைக் கொடுத்துவிட்டது. அதனால்தான் அத்தையிடம் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. அப்பாவும் சித்தப்பாவும் 1985இல் வாங்கியிருந்தார்கள். "சாமியாருக்கு எதுக்குச் சொத்து" என்று வீட்டில் பேசிக்கொண்டது எனக்கு லேசாக நினைவிருக்கிறது. அந்த வயலில்தான் என் கல்லூரிக் கட்டணம் விளைந்தது. அம்மையாரைப் பற்றி எழுதிய கட்டுரையும் அதில் விளைந்ததுதான். உரிமையை விட்டுக்கொடுத்து எழுதித்தரும் அந்தப் பத்திரத்துக்குத் தமிழில் விடுதலைப் பத்திரம் என்று பெயர். அத்தையின் கையெழுத்து பள்ளிப்பிள்ளை எழுத்துபோலக் குண்டு குண்டாக இருந்தது.

இரண்டு நாள் நான் குழம்பிக் கிடந்தேன். அத்தை மகிழ்ச்சியாக இருந்தார் என்று ஒப்புக்கொண்டால் அப்பா செய்தது தப்பில்லை என்றாகிவிடுமோ? அப்பா செய்தது தப்பு என்றால் அத்தையின் நாற்பது வருட வாழ்க்கையை மறுபடியும் பாவம் என்று எழுத வேண்டுமோ? பிறகு மெல்லப் பிடிபட்டது. இரண்டும் இரண்டு கணக்கு. அவர் வாழ்க்கையைப் பற்றிய சொல் அவருடையது, அதில் நான் திருத்தம் போட முடியாது. நாங்கள் பட்ட கடன் எங்களுடையது, அதை அவருடைய திருப்தியைக் காட்டித் தள்ளுபடி செய்ய முடியாது. பரமதத்தனைப் பற்றியும் இதைத்தான் சொல்ல வேண்டும். அவள் பேயாக இருந்து ஆனந்தப்பட்டாள் என்பது அவன் ஓடிப்போனதற்கு நற்சான்று ஆகாது. புராணமும் சரி, பெண்ணியம் படித்த நானும் சரி, இந்த இரண்டையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டே பழகியிருந்தோம். அவள் துக்கப்பட்டிருந்தால்தான் அவன் குற்றவாளி, அவள் ஒளிர்ந்தால் அவனும் மன்னிக்கப்பட்டவன் என்று.

தென்காசியில் ரசூல் பீவி என்ற பெண் ஞானப்பாடல்கள் எழுதியிருக்கிறார். அவருக்குப் படமும் இல்லை, என் காதுக்கு எட்டிய கதையும் இல்லை. பாட்டு மட்டும்தான். முன்பெல்லாம் அதை ஓர் இழப்பு என்று நினைத்தேன். இப்போது அவரைப் படிக்க உட்காரும்போது குறுக்கே யாரும் வந்து விளக்கம் சொல்வதில்லை.

குற்றாலத்தில் சாரல் தொடங்கிய ஒரு நாள் அத்தையைச் சித்திர சபைக்குக் கூட்டிப்போனேன். ஐந்து சபைகளில் முதலாவது அம்மையார் உட்கார்ந்த திருவாலங்காடு, கடைசி எங்கள் ஊருக்குப் பக்கத்திலிருக்கும் இது. மற்ற இடங்களில் சிலையாக ஆடுபவர் இங்கே சுவரில் வண்ணமாக ஆடுகிறார். உள்ளே ஈரமும் எண்ணெயும் கலந்த வாசனை. அத்தை கூத்தனின் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே வைத்துத்தான் சொன்னேன், அப்பா வழியாக எனக்கு வந்த பங்கை உங்கள் பேருக்கு எழுதித் தருகிறேன் என்று. மறுப்பார், எனக்கெதுக்குட்டி என்பார் என்று நினைத்தேன். அப்படிச் சொன்னால் எப்படிச் சமாதானப்படுத்துவது என்று ஒரு பேச்சே தயாரித்து வைத்திருந்தேன்.

"எந்தச் சர்வே நம்பர்?" என்றார் அத்தை.

அடுத்த வாரம் பத்திர எழுத்தரிடம் போனோம். அவர் விவரம் கேட்டுத் தட்டச்சு செய்து, சரிபார்க்கச் சொல்லி நீட்டினார். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தலைப்பிலிருந்து வாசித்தார். தான செட்டில்மெண்ட் பத்திரம்.

"தானம்னு ஏன் போட்டிருக்கு?"

"அந்தப் பத்திரத்துக்குப் பேரு அதுதாம்மா."

"எனக்கு உள்ளதை எனக்குத் தாறதுக்குப் பேரு தானமா?"

எழுத்தர் என்னைப் பார்த்தார். நான் அத்தையைப் பார்த்தேன். வேறு பெயரில் எழுதச் சட்டத்தில் இடமிருக்கிறதா என்று வக்கீலைக் கேட்டுச் சொல்வதாக எழுத்தர் சொன்னார். அந்த வரைவு இன்னும் என் பையில்தான் இருக்கிறது. முதல் வரி மட்டும் பேனாவால் அடித்திருக்கிறது. அடித்தது அத்தை.